வெள்ளைத் துணியும் ஒரு ஓமும்

1

எட்டு வருசத்துக்குப் பிறகு அக்கா கதைத்தா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் அக்காவின் பெயர் விழுந்தது. யாரோ செத்துப்போச்சினம் என்றுதான் நினைத்தேன். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"தம்பி."

"ஓம் அக்கா."

"பாத்தனானடா."

அதோடு அழத் தொடங்கிவிட்டா. நான் கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு தானே சொன்னா.

"வீடியோ பாத்தனான். லண்டனில இருந்து ஆரோ அனுப்பி, சுத்தி வந்து எனக்கும் வந்தது. நீ கையில காப்புக் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால போறாய். மேளம் அடிக்கினம். உன்ர மனுசி புஸ்பம் வடை குடுக்கிறா. எவ்வளவு சனம்! எல்லாம் வெள்ளைக்காரர். எங்கட சாமிக்குப் பின்னால வெள்ளைக்காரர் வருகினம். அம்மா இருந்து பாக்கேல்லையே தம்பி."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது.

"சாமி மட்டும் படத்தில விழேல்லை. பின்னுக்கு வந்திருக்கும், என்ன?"

நான் வெங்காயத் தோலை ஒரு பக்கம் கூட்டி வைத்தேன்.

"அது காப்புத்தானே?"

"ஓம்" என்றேன்.

ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு மூன்று கிழமை எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

2

அந்த ஊர்வலத்தில் சாமி பின்னுக்கும் வரவில்லை. அது கடவுள் இல்லை என்கிற ஆட்களின் ஊர்வலம்.

நான் கட்டியிருந்தது காப்பு இல்லை. ஜெர்மனியில் எந்த ஊர்வலம் போனாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆட்கள் நிற்க வேண்டும். ஓர்ட்னர் என்பார்கள். மேல்கையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், அதில் 'ஓர்ட்னர்' என்று எழுதியிருக்க வேண்டும். சட்டம்.

காப்பு மணிக்கட்டில் கட்டுவது. கொடியேறின நாளில் இருந்து திருவிழா முடியும்வரை அதைக் கட்டினவர் ஊரை விட்டுப் போகக்கூடாது. அக்காவுக்கு அது தெரியும். ஆனால் அவவுக்கு எழுபது வயது. கண்ணில் ஒன்று பழுது. போனும் சின்னது. அவ பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தா.

முழுப் பிழையும் அவவுடையது என்றும் சொல்ல ஏலாது. அந்தத் துணி உண்மையில் கோயில் துணிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

எட்டு வருசம் ஏன் கதைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

அம்மா செத்தபோது என்னால் போக முடியவில்லை. கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அதை எடுக்க அலுவலகத்தில் நாள், டெர்மின் என்பார்கள், ஆறு கிழமைக்குப் பிறகுதான் தந்தார்கள். அம்மா செத்துவிட்டா என்று சொன்னேன். மேசையில் இருந்த பெண் பிள்ளை "மிகவும் வருந்துகிறேன்" என்றது. டெர்மினை மாற்றவில்லை.

நான் ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி அக்காவின் மகன் வைத்தான். அக்கா போனில் சொன்னா, "சரி, வர ஏலாட்டிப் பரவாயில்லை. அங்க ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டிக் கிரியையை நீ செய். முப்பத்தொண்டு நாள் மச்சம் மாமிசம் சாப்பிடாதை."

நான் சொன்னேன், "அக்கா, எனக்கு நம்பிக்கை இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பொய்க்குச் செய்ய ஏலாது."

"பொய்க்கெண்டாலும் செய்."

"ஏலாது அக்கா."

"அப்ப எனக்கும் இனித் தம்பி இல்லை."

அவ்வளவுதான். வைத்துவிட்டா. நான் அம்மாவுக்காக முப்பத்தொரு நாளும் மச்சம் சாப்பிடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. இறங்கவில்லை. அதை அக்காவுக்குச் சொல்லவும் இல்லை.

பிறகு நான் எடுத்தால் அக்கா எடுக்கமாட்டா. வருசப் பிறப்புக்கு எடுப்பேன். மணி அடித்து நிற்கும். மருமகன் சிலவேளை எடுத்து, "அம்மா கிணத்தடியில நிக்கிறா மாமா" என்பான். எட்டு வருசமாக அக்கா கிணற்றடியில்தான் நின்றா.

4

நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் சமையலறை வேலை. காலை ஐந்தரைக்கு பஸ். ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு. பதினொன்றரைக்குத் தட்டுகள் போகும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. பெயர், மதம், சீனி வருத்தம், உப்பு இல்லை, அரைத்தது. இருபத்திரண்டு வருசமாக இதே சீட்டு. பெயர்கள்தான் மாறும்.

அங்கே ஹில்டா என்று ஒரு அம்மா தன் தாயைப் பார்க்க வருவா. பென்சன் எடுத்த ரீச்சர். என் ஜெர்மன் பாஷையைத் திருத்துவா. ஒருநாள் அவவின் தாயின் சீட்டில் 'மதம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்ததைக் கண்டேன். "இப்படி எழுதலாமோ?" என்று கேட்டேன். "ஏன், நீங்களும் எழுதவேண்டுமோ?" என்று சிரித்தா.

அப்படித்தான் அவவோடு கடவுள் இல்லை என்கிற ஆட்களின் கூட்டத்துக்குப் போனேன். மாதம் ஒருமுறை, நூலகத்தின் பின் அறையில். பதினைந்து பேர். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். இருந்து பார்த்ததில் ஒன்று விளங்கியது. அவர்களுக்குக் கவலை கடவுளைப் பற்றி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான்.

"எங்களுக்கு நெஞ்சில்லை என்று நினைக்கிறார்கள்" என்றா ஹில்டா. "எங்களை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பயப்படமாட்டார்கள். வீதியில் போக வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும்."

முந்தின வருசமும் போனார்களாம். பன்னிரண்டு பேர், மழை. ஒருவர் பாதிரியாரைப் பன்றியாகப் படம் கீறிப் பிடித்துக்கொண்டு போனாராம். சனம் ஏசினதாம், இவர்களும் ஏசினார்களாம்.

நான் அதுவரை அங்கே வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஏசினால் ஆர் பக்கத்தில வருவினம்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு வேறொண்டும் தெரியாது. ஊர்வலம் நடத்தத் தெரியும். சாப்பாடு வேணும். மேளம் வேணும். ஏசக்கூடாது. முடிய றோட்டைக் கூட்ட வேணும்."

"எங்கே பழகினீர்கள்?" என்று ஹில்டா கேட்டா.

"கோயிலில" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. என்னிடமே வேலையைத் தந்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களிலும் இதே கதைதான். கடவுள் இல்லை என்கிறவன் குடிகாரன், சாவீட்டுக்கு வரமாட்டான், பிள்ளைகளை உருப்பட விடமாட்டான். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களின் ஒரு சாவீடும் நான் விட்டதில்லை. பெட்டி தூக்கியிருக்கிறேன். இருந்தும் கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தால் பக்கத்துக் கதிரை கடைசியாகத்தான் நிரம்பும்.

5

கூட்டம் கூடுவதானால் நகரசபை ஒழுங்கு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கே இருப்பவர் கெல்லர். அவருக்கு என்னை நல்லாகத் தெரியும்.

எங்கள் நகரத்துத் தமிழ்க் கோயிலின் தேர் வருசாவருசம் வீதிக்கு வரும். மனுசி புஸ்பம் அந்தக் கோயிலே கதியென்று கிடப்பவள். அங்கே படிவம் நிரப்ப ஆள் இல்லாத காலத்தில், "இஞ்சருங்கோ, சாமியைக் கும்பிட வேண்டாம். கடுதாசியை எழுதிக் குடுங்கோ" என்றாள். எழுதினேன். பத்து வருசமாக எழுதுகிறேன். தேருக்கு முன்னால் ஓர்ட்னராக நிற்பதும் நான்தான். கும்பிடுவதில்லை. வாகனத்தைப் பார்த்து மறிப்பேன், அவ்வளவுதான்.

கெல்லர் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் கதைத்தது ஜெர்மன். நான் என் பாஷையில் எழுதுகிறேன்.

"தேர் யூலியில்தானே? இது ஏப்ரல்."

"தேர் இல்லை. இது கடவுள் இல்லை எண்ட ஆக்களின்ர ஊர்வலம்."

"நீங்கள் மாறிவிட்டீர்களோ?"

"இல்லை. முந்தியும் இப்பிடித்தான்."

"அப்ப தேர்?"

"தேருக்கு றோட்டு வேணும். றோட்டுக்கு ஆன்ட்றாக் படிவம் வேணும். எனக்கு எழுதத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு படிவம் எடுத்தார். ஒரு தாள்தான். தேருக்குப் பதினான்கு தாள்.

"அனுமதி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"இதுக்கு அனுமதி தேவையில்லை. அறிவித்தால் போதும். கூட்டம் கூடுவது உங்கள் உரிமை. தேர் வாகனம், வீதியை மறிக்கிறது. அதுக்குத்தான் அனுமதி."

பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "தேங்காய் உடைப்பீர்களோ?"

"இல்லை."

"கற்பூரம்?"

"இல்லை."

"இவர்கள் எனக்கு வேலை வைக்காத ஆட்கள்" என்று முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து மனுசிக்குச் சொன்னேன். கடவுள் வீதிக்கு வர அனுமதி வேணும், கடவுள் இல்லையெண்டு சொல்ல அறிவிச்சால் காணும்.

"அவர் பெரிய ஆள். விசாரணை கூடத்தானே இருக்கும்" என்றாள். "கடவுள் இல்லையெண்டு சொல்ல ஏன் றோட்டுக்குப் போறியள்? இஞ்ச குசினிக்குள்ள நிண்டு சொன்னால் அவருக்குக் கேக்காதோ?"

6

ஆளுக்கொரு பலகை எழுத வேண்டும் என்றார்கள். நானும் எழுதினேன். 'நான் கோட்லோஸ்.'

எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் படிவத்தில் படித்தது. ஆர்பைட்ஸ்லோஸ் என்றால் வேலை இல்லாதவன். வந்த புதிதில் என் தாளில் அப்படித்தான் இருந்தது. ஹைமாட்லோஸ் என்றால் நாடில்லாதவன். அகதி முகாமில் ஒருவர் என்னைக் காட்டி அப்படிச் சொன்னார். லோஸ் என்றால் இல்லை. கோட் என்றால் கடவுள். கணக்குச் சரிதானே.

ஹில்டா பார்த்தா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"கோட்லோஸ் என்றால் பாவி. கெட்டவன். எங்கள் பாட்டி காலத்தில் குடித்துவிட்டு மனுசியை அடிப்பவனுக்குச் சொல்வது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பலகையைத் திருப்பி வைத்தேன். அவ விடவில்லை. ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டா. சொன்னேன். சிரிப்பு நின்றது. பேனையை எடுத்து என் கையிலேயே தந்து எழுதச் சொன்னா. நாலு வரி.

'வேலையில்லாமல் இருந்தேன். நாடில்லாமல் இருந்தேன். கடவுளும் இல்லை. வணக்கம்.'

கடைசிச் சொல் மட்டும் என் யோசனை.

பக்கத்து வீட்டில் சரவணன் என்று ஒரு தம்பி. கோயம்புத்தூர்க்காரர், கார் கம்பனியில் இன்ஜினியர். மாடிப்படியில் என்னையும் பலகையையும் கண்டார்.

"அண்ணா, வாய்க்கு வாய் ஓம் ஓம்னு மந்திரம் சொல்றீங்க. நீங்க நாத்திகரா?"

"எங்கட ஆக்கள் ஆமாவுக்கு ஓம் எண்டுதான் சொல்லுவம் தம்பி."

"எங்க தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். அவர் உங்களைப் பாத்திருந்தா ஓம் சொல்றதுக்கே ஃபைன் போட்டிருப்பார்."

வேறு எந்தச் சொல்லால் சொல்வது? அம்மா, அக்கா எல்லாரும் தந்த சொல் அதுதான். இல்லை என்று சொல்லப் போகிற இடத்துக்கும் "வாறியளோ?" என்று கேட்டால் "ஓம், வாறன்" என்றுதான் வருகிறது.

7

ஓர்ட்னருக்குத் துணி வேண்டும். எங்கள் நிலவறையில் தேர்ச் சாமான் பெட்டி இருக்கிறது. அதற்குள் பத்துத் துணி. புஸ்பம் என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தவை. கறுப்பு மையில் 'ஓர்ட்னர்' என்று எழுதியது. என் துணியில் சந்தனக் கறை. ஒரு தேரில் ஐயர் எல்லாருக்கும் பூசியபோது எனக்கு நெற்றியில் வேண்டாம் என்றேன். அவர் கோபத்தில் துணியில் தேய்த்துவிட்டுப் போனார். எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை.

அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

நாற்பது பேர் என்று அறிவித்தேன். எழுபதுக்கு மேல் வந்தார்கள். வெயில். இரண்டு பேர் பறை மாதிரி ஒன்று அடித்தார்கள். புஸ்பம் தன் சிநேகிதி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு இரண்டு சட்டி வடையோடு வந்து சந்தியில் நின்றாள். வருவாள் என்று எனக்குத் தெரியாது.

"என்ன, சாமிக்குப் படைச்சதோ?" என்று கேட்டேன்.

"கடவுள் இல்லாத ஆக்களுக்கும் பசிக்கும்தானே. நடவுங்கோ முன்னால."

தேவாலயத்துக்கு முன்னால் வந்தபோது வாசலில் கறுப்பு உடுப்பில் சனம் நின்றது. சாவீடு. நான் கையைத் தூக்கினேன். மேளம் நின்றது. எங்கள் ஊரில் சாவீட்டு ஒழுங்கையால் சாமியே மேளம் இல்லாமல்தான் போகும். எழுபது பேரும் காலடிச் சத்தத்தோடு மட்டும் கடந்தோம். பாதிரியார் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். முந்தின வருசம் பன்றி கீறிக்கொண்டு போனவரும் தொப்பியைக் கழற்றினார். அவரை அதற்குப் பிறகு எனக்குப் பிடித்துக்கொண்டது.

அதைக் கடந்ததும் ஒரு கிழவி வந்தா. கழுத்தில் சிலுவை. மற்றப் பக்கத்து ஓர்ட்னர் என்னிடம் வந்து, "அவ தானும் நடக்கப்போறாவாம். ஆனால் தனக்குக் கடவுள் இருக்காம். விடலாமோ?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு கயிறு ஞாபகம் வந்தது.

8

பதினேழு வயதில் நான் கோயில் வாசலில் கயிறு பிடித்தேன். தேரன்று பெடியள் கயிறு பிடிப்போம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் ஆர், அந்தப் பக்கம் நிற்பவர் ஆர் என்று ஊருக்குத் தெரியும். வாயால் ஒருவரும் சொல்வதில்லை. கயிறு சொல்லும்.

செல்லத்துரை என்னோடு பந்தடிப்பவன். நான் கோல் காப்பேன், அவன் முன்னுக்கு. அன்றைக்கு அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

"விடு மச்சான். ஒருக்கா வடத்தைத் தொட்டுப்போட்டு வாறன்."

பின்னால் பெரிய ஆட்கள் நின்றார்கள். நான் விடவில்லை. கயிற்றை இறுக்கினேன்.

அவன் சிரித்தான். "சரி, கோல் காக்கிறாய்" என்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பந்தடிக்க வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அக்கா தட்டைப் போட்டா, எடுத்தா. ஒன்றும் கேட்கவில்லை.

போரால் நான் கடவுளை விட்டேன் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். கேட்டால் ஓம் என்று விட்டுவிடுவேன். கதை சுருக்கமாக முடியும். ஆனால் தொடங்கியது அந்தக் கயிற்றில்.

ஓர்ட்னர் பெடியனுக்கு, "விடு, நடக்கட்டும்" என்றேன். கிழவி என் பக்கத்திலேயே கடைசிவரை நடந்தா. இரண்டு வடை சாப்பிட்டா.

முடிய எல்லாரும் தும்புத்தடி எடுத்து வீதியைக் கூட்டினோம். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. ஹில்டாவுக்குக் கொண்டாட்டம். புஸ்பத்தின் சிநேகிதி எடுத்த வீடியோ வட்சப்பில் போனது. 'எங்கட ஆள் ஊர்வலத்தில முன்னுக்கு' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். என்ன ஊர்வலம் என்று எழுதவில்லை. மறந்திருப்பாள், இல்லாவிட்டால் வெட்கப்பட்டிருப்பாள்.

9

முதல் ஞாயிறுக்குப் பிறகு அக்கா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தா. பத்து மணி. அங்கே ஒன்றரை, சாப்பிட்டு முடிந்திருக்கும்.

நான் போனை மேசையில் வைத்துவிட்டுக் கிழங்கு உரிப்பேன். அக்கா கதைப்பா. முருங்கை பூத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடு மதிலால் தலை நீட்டிக் கொப்பைத் தின்கிறது. "ஆட்டுக்கு ஒண்டும் சொல்லேல்லை, ஆட்டுக்காரிக்குத்தான் சொன்னனான்." புது வாளி ஒழுகுகிறது. பேத்தி சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டது. நடுவில், "இருக்கிறியே தம்பி?" என்பா. "ஓம்" என்பேன். திரும்பவும் ஆடு.

எட்டு வருசம் நான் இதற்குத்தான் காத்திருந்தேன் போல. எனக்குத் தெரியாமலே. அந்தத் 'தம்பி'யில் கடைசி எழுத்தை அக்கா கொஞ்சம் இழுப்பா. இந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. இங்கே நான் அண்ணை, அப்பா, ஹெர் இன்னார். தம்பி இல்லை.

இரண்டாம் ஞாயிறு அக்கா சொன்னா, "நீ திரும்பி வந்ததுக்கு அம்மனுக்குப் பொங்கல் நேந்திருக்கிறன். அம்மான்ர திவசத்துக்கு அடுத்த வெள்ளி."

கிழங்கு கையில் நின்றுவிட்டது.

மகள் மதிக்குச் சொன்னேன். அவள் தாதிக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள், சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"விடுங்கோ அப்பா. மாமி சந்தோசமா இருக்கிறா. ஏன் கெடுக்கிறியள்?"

"அது மாமி இல்லை பிள்ளை, அத்தை."

"மாமி, அத்தை. ஏகால். கடவுள் இருக்கு, இல்லை. அதுவும் ஏகால்."

ஏகால் என்றால் எதுவானாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். அக்காவுக்கு ஒரு கடவுள் இருக்கிறார். எனக்கு இல்லை என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். இவளுக்கு அவர் இருக்கிற கதிரையே இல்லை. அக்காவும் நானும் இன்னும் ஒரே வீட்டில் நின்றுதான் சண்டை பிடிக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது.

புஸ்பம் சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். "சொல்லாதேங்கோ. உங்கட உண்மைக்காக ஒரு கிழவியை அழ விடப்போறியளோ? இன்னும் எத்தினை ஞாயிறு அவவுக்கு?"

அது சரிதான்.

ஆனால் ஒன்று யோசித்தேன். பொய் சொல்லலாம் என்றால் அம்மாவின் அந்தியேட்டிக்கே சொல்லியிருக்கலாம். ஐயரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். எட்டு வருசம் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கிழமைக் கூட்டத்தில் ஹில்டா கேட்டா, "அடுத்த ஊர்வலத்தில் நீங்கள் பேச வேண்டும். முகத்தை மறைக்காத மனிதன் என்று."

"எனக்கு ஏலாது. நான் மறைச்சிருக்கிறன்" என்றேன். அவ ஏன் என்று கேட்கவில்லை. ரீச்சர் அல்லவா, பார்த்தே விளங்கியிருக்கும்.

10

போன ஞாயிறு அம்மாவின் திவசம். அக்கா பத்து மணிக்குச் சரியாக எடுத்தா. படைத்து முடிந்துவிட்டதாம். பூசணிக்காய்க் கறிக்கு உப்புக் கூடிவிட்டதாம்.

"அக்கா, ஒரு கதை."

"சொல்லு."

"அந்த ஊர்வலம் சாமி ஊர்வலம் இல்லை."

சத்தம் இல்லை.

"கடவுள் இல்லையெண்டு சொல்லுற ஆக்களின்ர ஊர்வலம். நான் கட்டினது காப்பு இல்லை. சனத்தை ஒழுங்கா விடுற ஆளுக்குக் கட்டுற துணி. உங்களுக்கு நான் பொய் சொன்னனான்."

வைத்துவிட்டாவோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. தூரத்தில் ஆட்டின் சத்தம் கேட்டது.

"துணியில சந்தனம் இருந்ததே?"

"ஓம். கோயில் துணிதான். தேருக்குக் கட்டுறது."

"பிறகு றோட்டைக் கூட்டினாய். அதையும் பாத்தனான்."

"ஓம்."

"ஆரும் சொல்லியே கூட்டினாய்?"

"இல்லை. நான்தான் மற்ற ஆக்களுக்குச் சொன்னனான்."

பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம்.

"நீ கயிறு பிடிச்ச அண்டைக்குச் சாப்பிடேல்லை. நான் ஏனெண்டு கேட்டனானே?"

"இல்லை அக்கா."

"எனக்குத் தெரியும். அவன் செல்லத்துரை எங்கட ஒழுங்கையாலதான் அழுதுகொண்டு போனவன். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கேல்லை."

அவன் சிரித்தான் என்றுதான் நாற்பது வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கல் நேந்ததை நிப்பாட்ட ஏலாது" என்றா அக்கா. "பொங்கத்தான் போறன்."

"பொங்குங்கோ."

"உனக்காக இல்லை."

"ஓம்."

"எனக்கு உன்னோட சரியான கோவம்."

"ஓம் அக்கா."

"வாற ஞாயிறு நான் எடுக்கமாட்டன்."

எட்டு வருசம் திரும்பத் தொடங்குகிறது என்று நினைத்தேன். கிழங்குத் தோலைக் கூட்டிக் கூட்டி ஒரு இடத்தில் வைத்தேன்.

"கேக்குதே?"

"ஓம்."

"நீ எடு."

வைத்துவிட்டா.

இன்றைக்குச் சனிக்கிழமை. நேற்று அக்கா பொங்கியிருப்பா. துணியைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். யூலியில் தேர் வருகிறது, கெல்லரிடம் போக வேண்டும், பதினான்கு தாள். புஸ்பம் வடைக்கு உழுந்து ஊறப்போட்டிருக்கிறாள். நாளைக்குப் பத்து மணி என்றால் அங்கே ஒன்றரை. சாப்பிட்டுக் கை கழுவியிருப்பா. கிணற்றடியால் வர ஐந்து நிமிசம் விடலாம்.

பத்து ஐந்துக்கு எடுக்கிறேன்.